மாதிரிக்கு எழுதிய எண்

செப்டம்பர் 4, புதன்

காலையில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இவர் பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் அடுப்பு வாங்கி வந்து ரவை உப்புமா கிளறினார். மில் மூடி இவருக்கு வேலை போனதிலிருந்து சமையல் இவர் கையில்தான். உப்பு கொஞ்சம் தூக்கல். தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மத்தியானம் அலுவலகத்தில் ஒரு ஃபோன். உதவிப் பிரிவில் இருக்கும் பெண், "இது உங்க மேனுவல் சம்பந்தமா ஏதோ சொல்றாருக்கா, எனக்குப் புரியல" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். இந்தக் கம்பெனியின் மென்பொருளுக்குக் கையேடு எழுதுவதுதான் என் வேலை. பல வருஷம் வீட்டில் இருந்துவிட்டு இந்த வருஷம்தான் சேர்ந்தேன். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

பேசியவர் பெயர் யோகலிங்கம். கூடலூர் பக்கம் கரடிப்பாறை என்று ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு சின்ன அறக்கட்டளையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறாராம்.

"மேடம், உங்க சாம்பிள் ஃபைல்ல எங்க நம்பர் இருக்குங்க."

"எந்த நம்பருங்க? ஃபோன் நம்பரா?"

"எங்க சர்வரோட ஐபி நம்பர். மொதல்ல கொஞ்சமா வந்துச்சு, இப்ப ரெண்டு மாசமா எங்கெங்கயோ இருந்து குப்பை குப்பையா வந்து விழுது. எல்லாத்துலயும் உங்க சாஃப்ட்வேர் பேரு. சரி என்னதான்னு உங்க சைட்ல டவுன்லோட் பண்ணி சாம்பிளத் திறந்து பாத்தேன். என் நம்பரு உக்காந்திருக்கு."

கோபமாகப் பேசவில்லை. தன் வீட்டுச் சாவியை வேறொருவர் பையில் பார்த்த மாதிரி ஓர் ஆச்சரியம் குரலில் இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

பார்த்தேன். அவர் சொன்னது சரி.

எங்கள் மென்பொருளை ஒரு சர்வரில் ஏற்றினால், அந்தச் சர்வர் சூடாகிறதா, இடம் நிரம்புகிறதா என்று ஓயாமல் அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கே அனுப்ப வேண்டும் என்பதை வாடிக்கையாளர் ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். எப்படி எழுதுவது என்று காட்ட நாங்கள் ஒரு மாதிரிக் கோப்பு கொடுக்கிறோம். அதில் அறிக்கை போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு எண் போட்டிருக்கிறது. தெருவில் வீட்டுக்குக் கதவிலக்கம் மாதிரி, இணையத்தில் ஒரு கணினியின் இலக்கம். 'இதை உங்கள் எண்ணாக மாற்றிக்கொள்ளவும்' என்று கீழே எழுதியும் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? அப்படியே நகலெடுத்து ஓட விட்டுவிடுகிறார்கள். அவர்கள் சர்வர் சூடானால் கூடலூருக்குத் தகவல் போகிறது. பதில் வராவிட்டால் விடாமல் மறுபடி அனுப்பும். அதை ஒரு சிறப்பம்சம் என்று கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

மாதிரிகளில் எழுதுவதற்கென்றே சில எண்களை உலகம் முழுக்கப் பொதுவாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 192.0.2 என்று தொடங்குபவை, 198.51.100 என்று தொடங்குபவை, 203.0.113 என்று தொடங்குபவை. இவற்றை எவருக்கும் கொடுப்பதில்லை. யாரும் குடியிருக்காத கதவிலக்கங்கள். யார் எத்தனை தரம் நகலெடுத்தாலும் எவர் வீட்டுக் கதவும் தட்டப்படாது. எங்கள் மாதிரியை எழுதியவர், இப்போது இங்கே இல்லாத யாரோ ஒருவர், கைக்கு வந்த எண்ணைப் போட்டிருக்கிறார். அன்றைக்கு அது எவருக்கும் கொடுக்கப்படாமல் கிடந்திருக்கலாம். பிறகு கூடலூரில் யோகலிங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணை இந்த நோட்டில்கூட நான் எழுதப் போவதில்லை.

மேலாளர் பாலமுகுந்தன் சாரிடம் சொன்னேன். "அச்சச்சோ" என்றார். பிறகு, "மெயில் போடாதீங்க இந்துமதி, நான் பேசிக்கிறேன்" என்றார்.

செப்டம்பர் 9

சார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. புளி, கடுகு, விளக்குத் திரி வாங்கினேன்.

செப்டம்பர் 12, வியாழன்

யோகலிங்கம் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை வெளியே வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன்.

"உங்க சர்வர் என்ன வேலை செய்யுதுங்க?" என்று கேட்டேன். இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

"ஆனைக்குங்க மேடம்."

"என்னங்க?"

"ஆனை. எங்க தோட்டம் காட்டுக்கு நடுவுல இருக்கு. ஆனை போற வழியிலதான் நாங்களும் போகணும். அதுக்காகத் தடம் நெடுக கம்பம் நட்டிருக்கோம். மேல காட்டோரம் ஆனையப் பாத்தா காவல்காரர் அங்க இருக்கற கம்பத்துல பொத்தான அமுக்குவாரு. அது எங்க சர்வருக்கு வரும். சர்வர் கீழ இருக்கற கம்பத்துல எல்லாம் சிவப்பு லைட்ட எரிய விடும். லயத்துல, எங்க தோட்டத்து வரிசை வீட்டுல, இருக்கறவங்களுக்கு ஃபோன் போகும். கொழுந்து எடுத்துட்டு வர்ற பொம்பளைங்க லைட்டப் பாத்தா அங்கயே நின்னுருவாங்க. இத வெச்சதுக்கப்புறம் எங்க பக்கத்துல ஒரு சாவு இல்ல."

"இப்ப?"

"இப்ப பொத்தான அமுக்கினா லைட்டு சில நேரம் எரியுது. சில நேரம் ஆனை போனதுக்கப்புறம் எரியுது. போன வாரம் எரியவே இல்ல."

வேண்டாத அறிக்கைகளை உங்கள் பக்கமே தடுத்துவிட முடியாதா என்று கேட்டேன்.

"தடுத்துப் பாத்துட்டேன். நான் கதவச் சாத்தினா என்ன மேடம், வர்ற ரோடே அடைச்சுக் கெடக்கே. எங்களுக்கு வர்ற லைனே நூலு மாதிரி. லைன் குடுத்த கம்பெனிக்காரங்ககிட்டயும் சொன்னேன். அவங்க உங்களக் கேளுங்கன்னுட்டாங்க."

அவர் பேசும்போது பின்னால் மழைச் சத்தம். தகரக் கூரை போலிருக்கிறது. இணைப்பைத் துண்டிக்கும் முன், "நீங்களாவது கேக்கறீங்க மேடம்" என்றார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

கூட்டம் நடந்தது. பாலமுகுந்தன் சார், சென்னையிலிருந்து திரையில் சட்டப் பிரிவு அம்மாள் ஒருவர், நான்.

யானை விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் தலையாட்டிக் கேட்டார். பிறகு சொன்னார்: "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இப்ப ஒரு பெரிய கஸ்டமரோட ஆடிட் நடந்துட்டு இருக்கு. இந்த நேரத்துல அந்தப் பக்கத்த மாத்தினா, தப்பு நம்மளுதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும். நவம்பர் ரிலீஸ்ல சேத்து மாத்திக்கலாம்."

வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பலாமே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் சார் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

முடிவு: யோகலிங்கத்துக்கு ஒரு பதில் அனுப்ப வேண்டும். மரியாதையாக இருக்க வேண்டும். எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. உதவியாகவும் இருக்க வேண்டும். "நீங்க நல்லா எழுதுவீங்களே" என்றார் சார். அடுத்த வாரம் என் வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு இருக்கிறது என்பதையும் எழுந்து போகும்போது சொன்னார். இரண்டுக்கும் தொடர்பில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

செப்டம்பர் 18, புதன்

பதிலை எழுதினேன். நான்கு தரம் திருத்தினேன். கடைசியில் நின்றது இதுதான்:

'தங்கள் சிரமத்தை அறிந்து வருந்துகிறோம். எங்கள் மாதிரிக் கோப்பில் உள்ள விவரங்கள் விளக்கத்துக்காக மட்டுமே. அவற்றைப் பயன்படுத்துவது பயனரின் பொறுப்பு. தங்கள் நிலையில் விரைவான, எளிய தீர்வு, தங்கள் சர்வரின் எண்ணை மாற்றிக்கொள்வதே ஆகும்.'

கடைசி வாக்கியம் சார் சொன்னது. 'எளிய' என்ற சொல் மட்டும் நான் சேர்த்தது. வாக்கியம் மொட்டையாக இருந்தது.

சாயங்காலம் இவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். நாளை எங்கோ நேர்காணல்.

செப்டம்பர் 20, வெள்ளி

யோகலிங்கம் இன்று கூப்பிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை.

"மெயில் பாத்தேங்க மேடம். நீங்க சொல்றதுதான் சரி. நீங்க மாத்தி, உங்க கஸ்டமரெல்லாம் மாத்தி, அதெல்லாம் எப்ப நடக்கறது. நாங்களே மாத்திக்கிறோம். லைன் கம்பெனியில புது நம்பரோட தனி லைன் கேட்டிருக்கேன், தர்றேன்னாங்க."

"ரொம்ப சந்தோஷமுங்க."

"ஒண்ணுதான் சிரமம். கம்பத்துல இருக்கற பெட்டி ஒவ்வொண்ணுலயும் சர்வர் நம்பர உள்ளயே எழுதி வெச்சிருக்கு. விலை மலிவான பெட்டி, இங்க இருந்து மாத்த முடியாது. ஒவ்வொரு கம்பமா நேர்ல போய், பெட்டியக் கழட்டி, லேப்டாப்பச் சொருகி மாத்தணும். சிலது காட்டு விளிம்புல இருக்கு. மழ வேற."

"யாராச்சும் கூட வருவாங்களா?"

"வருவாங்க. கொழுந்து சீசன், ஆளு கெடைக்கறப்ப வருவாங்க."

எளிது என்று நான் எழுதியது நினைவுக்கு வந்தது. கையேட்டு மொழியில் அது ஒரு வழக்கம். எல்லாவற்றையும் எளிது என்றுதான் எழுதுவோம்.

செப்டம்பர் 26

இவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. வயது அதிகமாம். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

அக்டோபர் 1, செவ்வாய்

நிரந்தரம் ஆகிவிட்டது. கடிதம் கொடுத்தார்கள். இவர் கேசரி செய்தார். முந்திரி எல்லாவற்றையும் என் தட்டில் தள்ளிவிட்டார். "அப்பாடா, இனி நிம்மதியா தூங்கு இந்து" என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

யோகலிங்கம் கூப்பிட்டார். கீழ்ப்பக்கக் கம்பங்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. மேலே இருப்பவை பாக்கி. நடுவில் ஒரு சிக்கல்: மாற்றிய கம்பங்கள் புதிய எண்ணோடு பேசுகின்றன. மாற்றாதவை இன்னும் பழைய எண்ணுக்கே அனுப்புகின்றன. பழைய லைனில் எங்கள் வாடிக்கையாளர்களின் அறிக்கைகள் அடைத்துக்கொண்டு நிற்பதால், மேலே பொத்தானை அமுக்கினால் கீழே விளக்கு எரியும் என்ற உறுதி இப்போது அறவே இல்லை.

"மூணு நாளு முன்னால ஆனை ஒரு வீட்டுச் சுவத்த இடிச்சுருச்சு மேடம். உள்ள ஒரு அம்மாவும் பேத்தியும். கட்டிலுக்குக் கீழ பூந்துட்டாங்க, தப்பிச்சாங்க. லைட்டு எரியல."

நான் ஏதோ சொன்னேன்.

"நீங்க உங்க கஸ்டமருக்கெல்லாம் ஒரு மெயில் போட்டீங்கன்னா, பாதிப் பேராவது நிறுத்துவாங்க. அதுக்குள்ள மேல இருக்கறத முடிச்சுருவேன். கேட்டுப் பாருங்களேன்."

"சொல்லியிருக்கேனுங்க" என்றேன்.

சொல்லத்தான் போகிறேன். ஆடிட் இந்த வாரம் முடிகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அலுவலகத்தில் எல்லாக் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பொரி, கடலை, ஆளுக்கு ஒரு சாத்துக்குடி. எல்லோரும் சீக்கிரம் போய்விட்டார்கள்.

நான் இருந்தேன். கையேட்டில் மாதிரிக் கோப்பு இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். திருத்துகிற அனுமதி எனக்கு உண்டு. எண்ணை அழித்துவிட்டு 192.0.2.10 என்று போட வேண்டும், சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். கர்சர் அந்த எண்ணின் பக்கத்தில் நின்று துடித்துக்கொண்டிருந்தது.

அனுமதி வேறு, அதிகாரம் வேறு. மேலும், இந்தப் பக்கத்தை மாற்றுவதால் ஏற்கெனவே நகலெடுத்தவர்களின் சர்வர்கள் மாறிவிடப் போவதில்லை. இது உண்மை. யாரிடம் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பக்கத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

கூட்டத்தில் இருந்தபோது யோகலிங்கம் கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை. பிறகு கூப்பிடலாம் என்று இருந்தேன். சாரிடம் இன்னும் பேசாததால் அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. நாளை சாரிடம் பேசிவிட்டு அவரைக் கூப்பிடுகிறேன்.

அக்டோபர் 18

சார் விடுப்பு. ஃப்ரிட்ஜைக் கழுவினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

யோகலிங்கத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும், "சொல்லுங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல்.

"அக்கா, நான் அவரு வீட்டுக்காரி. கலைமகள். இந்த ஃபோன்ல கடைசியா பேசினவங்களுக்கெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்."

சனிக்கிழமை பகலில் நடந்திருக்கிறது. நல்ல பனிமூட்டம். கூட வருகிறேன் என்றவர் வரவில்லை, யோகலிங்கம் தனியாகப் போயிருக்கிறார். நடுத் தடத்தில் இருக்கும் கம்பம். மேலே காவல்காரர் யானையைப் பார்த்துப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். மறுபடி மறுபடி அமுக்கினாராம். மேல் கம்பம் இன்னும் மாற்றப்படாதது. பழைய எண்ணுக்குத்தான் அனுப்பியிருக்கிறது. யோகலிங்கம் நின்ற கம்பத்தில் விளக்கு எரியவில்லை.

"பெட்டி தொறந்தபடியே இருந்துச்சாம். லேப்டாப்பு சொருகியிருந்துச்சாம்" என்றாள். "லைட்டுக்குக் கீழதான்க்கா நின்னிருக்காரு."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள், "சரிக்கா, இன்னும் நெறையப் பேருக்குச் சொல்லணும்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

அக்டோபர் 23, புதன்

அலுவலகம் போனேன். பையை மேஜையில் வைத்தேன். உட்காரும் முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணை மாற்றினேன். 192.0.2.10. சேமித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. காப்பி வந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

இன்று பாலமுகுந்தன் சார் கவனித்துவிட்டார். என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நவம்பர்னு சொல்லியிருந்தோமே."

"அவர் செத்துட்டாருங்க சார்."

"யாரு?"

சொன்னேன். எழுதிய பதிலிலிருந்து ஆரம்பித்துக் கம்பம் வரைக்கும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடி பைக்குள் வைத்தார். அவர் நல்ல மனிதர். அவருக்கும் கூடலூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம்.

"மாத்தினது மாத்தினதா இருக்கட்டும்" என்றார் கடைசியில். "சிறு திருத்தம்னு குறிச்சு வெச்சிருங்க."

"கஸ்டமருக்கெல்லாம் ஒரு அறிவிப்பு அனுப்போணும் சார்."

"இப்பவா? இப்ப அனுப்பினா அது எதுல போய் முடியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். "தெரிஞ்சா சரி" என்றார். கதவைத் திறந்து வெளியே வந்தேன். இதையே செப்டம்பரில் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

நவம்பர் 4, திங்கள்

இவர் கேட்டார். "ரெண்டு வாரமா நீ சாப்பிடறதே இல்ல. ஆபீஸ்ல என்னதான் ஆச்சு?"

தெரிந்த ஒருவர் யானை அடித்து இறந்துவிட்டார் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்றார். வேலை விஷயமாக என்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துரலாம். நானும் வர்றேன்" என்றார். நான் அப்படி நினைக்கவே இல்லை. இவர் சொன்ன பிறகு போகாமலிருக்க முடியவில்லை.

நவம்பர் 9, சனி

மேட்டுப்பாளையம், ஊட்டி வழியாகப் பஸ். இவருக்கு மலை ஏறினால் வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தார். கூடலூரிலிருந்து ஜீப்.

தடத்தில் கம்பங்களைப் பார்த்தேன். பச்சை வண்ணம் அடித்த இரும்புக் குழாய், ஆள் உயரத்தில் ஒரு பெட்டி, அதன் மேல் ஒரு சிவப்புக் குமிழ். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஜீப் ஓட்டியவர் ஓரிடத்தில் வேகத்தைக் குறைத்தார். அது நடுத் தடத்துக் கம்பம்.

லயத்து வீடு. வாசலில் செருப்புகள் நிறைய. கலைமகள் என்னைவிடச் சின்னவள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறேன், அந்தக் கம்பெனி என்று சொன்னதும் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரி மாறவில்லை. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா அக்கா. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே. அவரு சொல்லிட்டே இருப்பாரு. எத்தன எடத்துக்குப் பேசினேன், ஒருத்தரும் பதிலே சொல்லல, அந்த மேடம் ஒருத்தங்கதான் என்ன ஏதுன்னு கேட்டாங்கன்னு."

நான் உட்கார்ந்தேன். தேநீர் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

"நம்பர மாத்திருங்கன்னு நீங்க சொன்னதுக்கப்புறம்தான் அவருக்கு ஒரு வழியே தெரிஞ்சுது. அதுக்கு முன்னால ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்திருப்பாரு. மாத்த ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் கொஞ்சம் சிரிச்சுப் பேசினாரு" என்றாள்.

"கலை," என்றேன். "அந்த நம்பர்..."

"சொல்லுங்கக்கா."

அவளுடைய மாமியாரும் தங்கையும் இன்னும் சிலரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் நன்றி இருந்தது. நான் சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தேன். ஒருவராவது கேட்டார் என்பதுதான் அவளிடம் இருப்பது. அதையும் நான் எடுத்துக்கொண்டு போவதா? இப்படி நினைத்துத்தான் சொல்லவில்லை. அவளுக்காகத்தான்.

"அந்த நம்பர் எங்க புக்ல இப்ப இல்ல, கலை. எடுத்துட்டோம்" என்றேன்.

"எடுத்துட்டீங்களா?" என்றாள். என் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். "எப்பக்கா எடுத்தீங்க?"

"போன மாசம்."

எந்தத் தேதி என்று அவள் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தப் புள்ள சொல்லுச்சே, நம்பர மாத்தச் சொன்னது நீதான்னு. அந்த நம்பர் எப்படி உங்க புக்குக்கு வந்துச்சு?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க போட்டதுங்க."

"நீ சேரறதுக்கு முன்னாடியே இருந்ததா?"

"ஆமாங்க."

"தெரிஞ்சது எப்ப?"

டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். இவர் மறுபடி கேட்கவில்லை. கோத்தகிரி வழியாக இறங்கினோம். இவருக்கு இந்தத் தடவை வயிற்றைப் புரட்டவில்லை.

நவம்பர் 13

கூடலூர் போய் வந்ததிலிருந்து இவர் அதிகம் பேசுவதில்லை. சமையல் மட்டும் நடக்கிறது.

நவம்பர் 20, புதன்

புதிய வெளியீடு. குறிப்பில் ஒரு வரி: 'மாதிரிக் கோப்புகளில் சிறு திருத்தங்கள்.' அந்த வரியை எழுதியது நான்.

எங்கள் பக்கத்தில் எண் இல்லை. ஆனால் தேடிப் பார்த்தேன். யாரோ ஒரு கல்லூரிப் பேராசிரியர் தன் பாடக் குறிப்பில் எங்கள் பழைய மாதிரியை அப்படியே போட்டிருக்கிறார். ஒருவர் வீடியோவில் அந்த எண்ணைத் தட்டச்சு செய்து காட்டுகிறார்; லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். தெரியாத மொழிகளில்கூட இருக்கிறது. எழுத்து புரியவில்லை, எண் மட்டும் புரிகிறது.

எல்லோருக்கும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். கம்பெனி பெயரில் இல்லை, என் பெயரில். எண்ணை எடுத்துவிடுங்கள், அதற்குப் பதில் இந்த ஒதுக்கப்பட்ட எண்களில் ஒன்றைப் போடுங்கள் என்று. பேராசிரியர் உடனே மாற்றிவிட்டார். நன்றி என்று ஒரு சிரிப்புப் படம் அனுப்பினார். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் இல்லை. பல பக்கங்களை எழுதியவர்களே கைவிட்டுப் போய்விட்டார்கள். பக்கம் மட்டும் நிற்கிறது.

நவம்பர் 29

வீடியோ போட்டவர் பதில் எழுதியிருக்கிறார். அதை எடுத்தால் தனக்கு வருமானம் போய்விடுமாம். கீழே ஒரு குறிப்பு வேண்டுமானால் சேர்க்கிறாராம். இன்னும் சேர்க்கவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

கலைமகள் கூப்பிட்டாள். எப்படி இருக்கிறீர்கள் என்று அவள்தான் என்னைக் கேட்டாள்.

அறக்கட்டளை அந்த வேலையை நிறுத்திவிட்டதாம். மேல் கம்பங்களுக்குப் போக எவரும் முன்வரவில்லை. யாரைப் போகச் சொல்வது? பாதி எரிந்து பாதி எரியாமல் இருக்கும் விளக்கை நம்பி நடப்பதைவிட விளக்கே இல்லாமல் பயந்து நடப்பது மேல் என்று தோட்டத்துப் பெண்களே சொல்லிவிட்டார்களாம். எல்லாக் கம்பத்திலும் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள்.

"ரெண்டு லைனையும் திருப்பிக் குடுத்துட்டாங்கக்கா. பழைய நம்பர், புது நம்பர், ரெண்டும். இனி அந்தக் குப்பையெல்லாம் வராது பாருங்க" என்றாள். என் மனம் ஆறட்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது.

அவள் இப்போது கொழுந்து எடுக்கப் போகிறாள். அதே தடம்தான்.

டிசம்பர் 9, திங்கள்

அவள் சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். திருப்பிக் கொடுத்த எண்ணை லைன் கம்பெனி என்ன செய்யும்?

விடுப்பு போட்டுவிட்டு வீட்டிலிருந்தே அவர்களுக்கு ஃபோன் செய்தேன். ஒருவர் மாற்றி ஒருவராகக் கடைசியில் ஒரு பெண் பேசினாள். மரியாதையாகப் பேசினாள். எண்ணைச் சொன்னேன். அதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"அது இப்ப வேற கஸ்டமருக்கு அலாட் ஆயிருச்சுங்க மேடம்."

"அதுக்குள்ளயா?"

"நம்பர் பத்தாதுங்க மேடம். காலியானா அடுத்தவங்களுக்குப் போயிரும்."

"யாருக்குங்க? எந்த ஊரு?"

"அத நாங்க சொல்லக் கூடாதுங்க."

"ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா, கடையா, அதயாச்சும் சொல்லுங்க."

"ஸாரி மேடம்."

"அந்த நம்பர வெச்சுக்க வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லோணுமுங்க. அதுக்கு நெறைய வரும். உலகம் பூரா இருந்து வரும். நிக்காது. யாருக்குமே குடுக்காம அத ஒதுக்கி வெச்சிருங்களேன்."

அவள் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. என் பெயரைக் கேட்டாள். நான் அந்த எண்ணின் வாடிக்கையாளரா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்படின்னா கம்ப்ளெயின்ட் பதிய முடியாதுங்க மேடம். அவங்களுக்கு ஏதாவது பிரச்சன வந்தா அவங்களே கூப்பிடுவாங்க."

ஃபோனை வைத்தேன். இவர் அடுப்படியிலிருந்து வந்து எதிரில் நின்றார். பேசியதெல்லாம் கேட்டிருக்கும்.

"யாருக்குக் குடுத்திருக்காங்க?" என்றார்.

"தெரியலீங்க."